கள்ளிக்குப்பத்துக்கு ஏற்ற ஏர் ஃபில்டர்

என் க்ரூஸர் பைக்குக்குத் திறந்த கூம்பு வடிவ ஏர் ஃபில்டர்தான் என்று முடிவு செய்திருந்தேன். மூன்று வாரம் வீடியோ பார்த்து எடுத்த முடிவு. காற்று தடையில்லாமல் உள்ளே போகும். இன்ஜின் உறுமும்.

இன்று காலை ஆவடியில், மெக்கானிக் ஸ்டீபன் அண்ணனிடம் புது ஃபில்டர் இருந்த பெட்டியை நீட்டினேன். அவர் அதைப் பிரிக்கவே இல்லை.

"ஊடு எங்க கீது?"

"கள்ளிக்குப்பம்ணா."

"மழைக்கு உங்க தெருவுல தண்ணி எவ்ளோ நிக்கும்?"

வண்டியில் உட்கார்ந்தபடியே முழங்காலில் கை வைத்துக் காட்டினேன். "போன வருஷம் இவ்ளோ."

"கைய எடுக்காத மாமே. அப்டியே குனிஞ்சு பாரு."

பார்த்தேன். கூம்பை மாட்ட வேண்டிய இடம் என் கைக்கு நேராக இருந்தது.

"காத்தோட தண்ணியையும் சேத்து இன்ஜின் இழுத்துக்கும். அப்றம் வண்டி என் கடைல, நீ ஷேர் ஆட்டோல."

வீடியோவில் எல்லோரும் வறண்ட சாலையில் போனார்கள். எனக்கோ நவம்பர் மழையிலும் அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை இருக்கிறது.

கூம்பு திரும்பிப் போகிறது. சீட்டுக்கு அடியில் இன்னும் உயரத்தில் உள்ள வண்டியின் பழைய ஃபில்டர் பெட்டிக்குள்ளேயே நல்ல ஃபில்டர் ஒன்றைப் போட்டுக்கொண்டேன். உறுமல் இல்லை. ஆனால் இந்த முடிவில் எனக்குச் சந்தேகமே இல்லை.

உங்கள் தெருவில் மழைத்தண்ணீர் எதுவரை? கணுக்காலா, முழங்காலா, இடுப்பா? அடிக்கணக்கில் சொல்லாதீர்கள், யாரும் நம்பமாட்டார்கள்.