சந்தனம் இருந்த பத்தியம்

மம்சாபுரத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே ஓடும் மினிபஸ்ஸின் டிரைவர் சந்தனம். பேச்சில் சிக்கனம், ஹாரனில் தாராளம். தங்கமான மனிதர்தான். ஆனால் தனக்குத் தெரியாத விஷயம் என்று ஒன்று உலகத்தில் இருப்பதை மட்டும் லேசில் ஒத்துக்கொள்ள மாட்டார்.

ஐப்பசி மழைக்குப் பிறகு ஊரில் பாதிப் பேரைச் சிக்குன்குனியா படுக்க வைத்தது. சந்தனத்தையும் விடவில்லை. காய்ச்சல் சீக்கிரமே இறங்கிவிட்டது, வலி இறங்கவில்லை. காலையில் எழுந்தால் விரல்கள் மடங்காது. சட்டைப் பித்தானைப் பெண்டாட்டி காளீஸ்வரிதான் போட்டுவிட வேண்டும். கல்யாணமான புதிதில்கூட இந்தக் கவனிப்பு கிடைத்ததில்லை என்று கேலி பேசிப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை.

மணிக்கட்டு திரும்பாமல் கியர் போட முடியாது, கணுக்கால் வளையாமல் கிளட்சை மிதிக்க முடியாது. பஸ் முதலாளி சௌந்தரபாண்டியன் ராஜபாளையத்துக்காரர். அவர் பாண்டிச்செல்வம் என்ற இளவட்டத்தை மாற்று டிரைவராகப் போட்டார். பையன் நன்றாக ஓட்டினான். அதுதான் சந்தனத்துக்குப் பிடிக்கவில்லை. பொங்கலுக்குள் வராவிட்டால் அவனையே நிரந்தரமாக வைத்துக்கொள்வேன் என்று முதலாளி வேறு சொல்லிவிட்டார்.

அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர் கொஞ்ச நாளைக்கு வலி மாத்திரை கொடுத்தார். விரலுக்கும் மணிக்கட்டுக்கும் பயிற்சி சொல்லிக் கொடுக்க ஏற்பாடு செய்தார். கூடவே, அடுத்த கட்டடத்தில் இருக்கும் சித்தா பிரிவையும் பார்த்துவிடுங்கள் என்று அவரே அனுப்பினார். இரண்டும் சேர்ந்தால் சீக்கிரம் தேறலாம் என்பது அவர் எண்ணம்.

சித்தா டாக்டர் பானுப்பிரியா நாடி பார்த்து, அமுக்கரா சூரணமும் தடவிக்கொள்ள உளுந்துத் தைலமும் கொடுத்தார். நொச்சி இலையை வதக்கி ஒத்தடம் கொடுக்கச் சொன்னார். கத்திரிக்காய், கருவாடு வேண்டாம், பத்தியமாக இருங்கள் என்றார். வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்றும் கேட்டார். சந்தனம் பல வருஷமாகப் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர். ஆனாலும் ஒன்றுமில்லை என்றார். சித்த மருத்துவரிடம் போய் இங்கிலீஷ் மாத்திரையைப் பற்றிச் சொல்வது, ஒரு வீட்டுப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு பக்கத்து வீட்டுக் குழம்பைப் புகழ்வது மாதிரி அவருக்குப் பட்டது.

வீட்டுக்கு வந்ததும் பத்தியத்தைத் தன் பாணியில் தொடங்கினார். கத்திரிக்காயை நிறுத்தினார், கருவாட்டை நிறுத்தினார். நாட்டு மருந்து உள்ளே இருக்கும்போது இங்கிலீஷ் மருந்து போனால் இரண்டும் முறித்துக்கொள்ளும் என்று அவராகவே முடிவு செய்து, பிரஷர் மாத்திரையையும் நிறுத்தினார். காளீஸ்வரியிடம் மூச்சு விடவில்லை. காலையில் தலை கனத்தது. மருந்து வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டார்.

மருந்து வேலை செய்ததென்னவோ உண்மை. ஒத்தடமும் தைலமும் பயிற்சியும் சேர்ந்து, மார்கழிக் கடைசியில் பித்தானை அவரே போட்டுக்கொண்டார். பஸ் எடுக்கலாமா என்று கேட்க ஆஸ்பத்திரிக்குப் போனார். பானுப்பிரியா கையை மடக்கச் சொல்லிப் பார்த்துச் சிரித்தார். பிறகு பிரஷர் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

கேள்வி மேல் கேள்வி கேட்கவும் சந்தனம் உண்மையைக் கக்கினார்.

“நீங்கதான டாக்டரம்மா பத்தியமா இருக்கச் சொன்னிய?”

“பத்தியம் சாப்பாட்டுக்கு அண்ணாச்சி, மாத்திரைக்கு இல்ல. வண்டி ஓட்டும்போது தலை சுத்தினா என்ன ஆகும்?”

டாக்டரம்மா அவரைக் கையோடு அடுத்த கட்டடத்து டாக்டரிடம் கூட்டிப் போனார். ஒன்றையொன்று முறிக்கும் என்று தான் நினைத்த இரண்டு மருந்துக்கும் சொந்தக்காரர்கள் எதிரெதிரே உட்கார்ந்து பேசிக்கொள்வதைப் பார்க்கச் சந்தனத்துக்கு உடம்பு கூசியது. இருவரும் சண்டையே போடவில்லை. பிரஷர் மாத்திரை திரும்பவும் தொடங்கவேண்டும், சூரணத்தை இப்போதைக்கு நிறுத்தலாம், தைலமும் பயிற்சியும் தொடரட்டும் என்று சேர்ந்தே முடிவு செய்தார்கள். பிரஷர் அடங்கும்வரை, எப்படியும் இரண்டு வாரத்துக்கு, ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது. பொங்கலோ நெருங்கிவிட்டது.

வெளியே வந்து நின்றபோது முதலாளியிடமிருந்து போன் வந்தது. கை சரியாகிவிட்டதா என்று கேட்டார். சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய்யில்லை. நாளைக்கே வண்டி எடுக்கலாம். சந்தனத்தின் வாய்வரைக்கும் அந்தச் சொல் வந்தது. காலை டிரிப்பில் படிக்கட்டுவரை நிற்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ஞாபகமும் வந்தது. மாத்திரையை நிறுத்தியது முதல் டாக்டர்கள் சொன்னதுவரை ஒன்று விடாமல் சொல்லி முடித்தார்.

முதலாளிக்குக் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம்.

“ஏலே, நீ சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரியவா போவுது?”

“தெரியாது மொதலாளி. வண்டில ஏறுதவியளுக்கும் தெரியாது. அதான் சொன்னேன்.”

 பொங்கல் கழிந்து இரண்டு வாரம்வரை பாண்டிச்செல்வமே ஓட்டட்டும், அதற்குப் பிறகு டாக்டர் சீட்டோடு வா என்று சொல்லி முதலாளி போனை வைத்தார்.

சந்தனத்துக்கு அழுகை வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் நாலு பேர் பார்க்கிறார்களே என்றுகூட நினைக்காமல் அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, பிரஷர் மாத்திரை வாங்க வரிசையில் போய் நின்றார்.