விஜயதசமியன்று அழிந்த பாட்டு வரிசை

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் யோசித்தேன். பேனாவை எடுப்பேன், அரைப் பக்கம் எழுதுவேன், அத்தான் முகம் கண் முன்னால் வரும், மூடி வைத்துவிடுவேன். அக்கா வீட்டுச் சமாச்சாரம். அதிலும் சரஸ்வதி பூஜையோடு சேர்ந்த சமாச்சாரம். பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான், சாமி காரியத்தை எழுத்தில் வைத்துத் தப்பாகப் போய்விடக் கூடாதே என்ற பயமும் இருந்தது. ஆனால் எங்கள் நன்னிலம் பக்கத்தில் இந்தக் கதை இன்றைக்கும் உலவிக்கொண்டிருக்கிறது. ஒருவர் சொல்லும்போது நான் கள்ளன். இன்னொருவர் சொல்லும்போது நான் அம்பாள் அருள் பெற்றவன். நான் இரண்டும் இல்லை. அம்பாளை நினைத்துக்கொண்டு நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அக்கா நன்றாகப் பாடுவாள். அத்தான், அதாவது அக்காவின் வீட்டுக்காரர், அவருடைய அப்பா காலத்திலிருந்து பஜனை கோஷ்டி நடத்துகிற குடும்பத்தைச் சேர்ந்தவர். அவர் அப்பா ஹார்மோனியம் வாசித்தவர். அத்தான் கீபோர்டு வாசிப்பார். டோலக்குக்கு அதே தெருவில் ஒரு அண்ணன். நான் தாளம் போடுவேன், கூடப் பாடுவேன், விதைப்பும் நடவும் இல்லாத நாட்களில் கோஷ்டியோடு போய்வருவேன். திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் செய்துகொள்ள வருகிறவர்கள்தான் எங்களை அதிகம் கூப்பிடுவார்கள்.

ஒரு வருஷம் சித்திரையில் அத்தான் புதுக் கீபோர்டு வாங்கினார். நாம் இடது கையால் சுருதியைக் காட்டினால் போதும், தாளமும் பின்னணியும் தானாக ஓடும். அந்தத் தானாக ஓடுகிறதைத்தான் ஸ்டைல் என்பார்கள். பெட்டியோடு வந்த ஸ்டைல் எல்லாம் வெளிநாட்டு டான்ஸ் மாதிரி இருந்தது. அதை வைத்துக்கொண்டு காவடிப் பாட்டு பாட முடியுமா? நானும் டோலக் அண்ணனும் உட்கார்ந்து, அவர் வாசிக்க வாசிக்க நான் விரலால் தட்டிப் பதிந்து, கும்மி நடை, காவடி நடை, ஊஞ்சல் நடை என்று புதிதாகச் செய்து மெமரியில் ஏற்றினோம். அப்புறம் பாட்டு வரிசை. பிள்ளையார் பாட்டில் தொடங்கி, கலச நீர் ஊற்றும்போது எது, மாங்கல்யம் கட்டும்போது எது, ஆசீர்வாதத்துக்கு எது என்று அடுக்க வேண்டும். ஒவ்வொரு பாட்டுக்கும் ஸ்டைல், வேகம், அக்கா குரலுக்கு எத்தனை கட்டை சுருதி எல்லாம் ஒரே பட்டனில் வந்து நிற்க வேண்டும். குருக்கள் சில நேரம் மந்திரத்தைச் சுருக்கிவிடுவார், சில நேரம் நீட்டுவார். அதற்குத் தகுந்த மாதிரி தாண்டிப் போகவும் வழி வைக்க வேண்டும்.

இந்த வேலை என் தலையில் விழுந்தது. அத்தானுக்கு வாசிக்கத்தான் தெரியும், அந்தச் சின்னத் திரையைப் பார்த்தாலே அவருக்குக் கண் எரியும். அதில் இங்கிலீஷ் எழுத்து மட்டும்தான் வரும், அதுவும் கொஞ்சம்தான் பிடிக்கும். அதனால் பாட்டின் பெயரைப் போடாமல் எனக்கு ஞாபகம் வருகிற மாதிரி 'மதகு', 'களம்', 'நாத்து' என்று சுருக்கி எழுதி வைத்தேன். அம்மன் பாட்டுக்கு 'மதகு' என்று ஏன் வைத்தேன் என்றால், அந்தப் பாட்டை அக்கா முதன்முதலில் எங்கள் மதகடியில் உட்கார்ந்துதான் பாடிக் காட்டினாள். இது எனக்கும் அக்காவுக்கும் மட்டும் தெரியும்.

அந்த வருஷ சரஸ்வதி பூஜை வந்தது. புதுக் கீபோர்டுக்கு அது முதல் பூஜை. அதைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்துச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தோம். மறுநாள் விஜயதசமி காலையில் அத்தான் குளித்துவிட்டு வந்து, பூஜை சாமான் எதையும் எடுக்காமல் அப்படியே சுவிட்சைப் போட்டு ஒரே ஒரு ஸ்வரம் வாசித்துக் கும்பிட்டார். அது அவர்கள் வீட்டு முறை. சாமி வாங்கிக்கொண்ட பிறகுதான் மனுஷன் வாசிக்க வேண்டும் என்பார். அக்கா கற்பூரம் காட்டினாள். எல்லாருக்கும் சுண்டல் கொடுத்தாள்.

அதற்கு அடுத்த நாள் திருக்கடையூர் நிகழ்ச்சிக்குப் பாட்டு அடுக்கலாம் என்று நான் போய்க் கீபோர்டைப் போட்டேன். வரிசையில் ஒன்றும் இல்லை. எங்கள் காவடி நடை இல்லை, கும்மி நடை இல்லை. கடையிலிருந்து வந்த அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படி இருந்தது. "அத்தான், யாராவது இதத் தொட்டாங்களா?" என்று கேட்டேன்.

அத்தான் வந்து பார்த்தார். "நீதான தொட்டுக்கிட்டு இருக்க மாப்ள," என்றார்.

அதில் அப்போது கோபம் இல்லை. என்னிடம் பென் டிரைவில் ஒரு நகல் இருந்தது. இடியும் மின்னலும் இருக்கிற காலம், கரண்ட் போய்ப் போய் வருகிறது, எதற்கும் இருக்கட்டும் என்று எடுத்து வைத்திருந்தேன். வீட்டுக்கு ஓடிப் போய் அதைக் கொண்டுவந்து எல்லாவற்றையும் திரும்ப ஏற்றினேன். பெரிய ஆபத்திலிருந்து கோஷ்டியைக் காப்பாற்றிவிட்டதாகத்தான் நினைத்தேன்.

திருக்கடையூர் நிகழ்ச்சி நன்றாகவே நடந்தது. திரும்பி வரும்போது வேனில் அத்தான் மெதுவாக ஆரம்பித்தார்.

"பென் டிரைவ்ல எப்ப எடுத்த?"

"பூஜைக்கு முன்னாடி அத்தான்."

"எங்கிட்ட சொல்லலயே."

"எதுக்கும் இருக்கட்டும்னு எடுத்தேன்."

"எதுக்கும்," என்று அவரும் ஒருமுறை சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். டோலக் அண்ணன் தொண்டையைக் கனைத்தார். "திருக்காட்டுப்பள்ளி கோஷ்டிலேர்ந்து தம்பியக் கூப்பிட்டாங்களாமே, அப்படியா?" என்று கேட்டார்.

கூப்பிட்டது உண்மை. வரமாட்டேன் என்று நான் சொன்னதும் உண்மை. அந்த இரண்டாவது உண்மையை வேனில் யாரும் கேட்கவில்லை. நகலை அங்கே கொண்டுபோகத்தான் நானே இங்கே அழித்துவிட்டேன் என்று நினைத்துவிட்டார்கள்.

அடுத்த முறை நான் அக்கா வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தியபோது அத்தான் உள்ளேயிருந்து, "வாங்க," என்றார். இருபது வருஷத்துக்கு மேலாக "வாடா மாப்ள" என்று கூப்பிட்டவர். "உக்காருங்க, காபி சாப்டுறீங்களா?" என்றார். அந்த 'ங்க' என் நெஞ்சில் முள் மாதிரி ஏறியது. அப்புறம், "அந்த பென் டிரைவ இங்கயே குடுத்துட்டுப் போங்க," என்றார். கொடுத்தேன். அதைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். "பாட்டுப் பேரெல்லாம் நீங்க மட்டும் படிக்கிற மாதிரில்ல எழுதி வச்சிருக்கீங்க. அதுக்கும் காரணம் இருக்கும்," என்றார்.

அக்கா அடுப்படியில் நின்றாள். வெளியே வரவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னதும் என் மனைவி முறத்தைக் கீழே வைத்தாள். "உங்க அத்தான் வாங்கன்னு கூப்பிட்டாராக்கும். பெரிய மரியாததான். இனிமே மாலையும் போடுவாரு." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பிறகு அவள் சொன்னது வேறு. "சந்தேகம்னா சும்மா விட்டுடலாங்க. அந்தப் பொண்ணுக்குக் கல்யாண வயசு. தாய்மாமன் இல்லாம மணவறையில உக்காருமா அது?"

எனக்கும் அதுதான் பயம். அக்காவின் ஒரே மகள். நான் தூக்கி வளர்த்த பெண். அவளுக்குக் காது குத்தும்போது என் மடியில்தான் உட்கார்ந்திருந்தாள். அவள் கல்யாணத்தில் தாய்மாமன் சீர் எடுத்துக்கொண்டு நான் போவேனா மாட்டேனா என்பது ஒரு கீபோர்டு மெமரியில் போய் மாட்டிக்கொண்டது.

நான் போகவில்லை, அவர்களும் கூப்பிடவில்லை. வயலில் நிற்கும்போதெல்லாம் எனக்கும் சந்தேகம்தான் ஓடும். அத்தானே அழித்திருப்பாரோ, நான் வேறு கோஷ்டிக்குப் போகாமல் கட்டிப்போட இது ஒரு வழியா என்று தோன்றும். உடனே சிவ சிவா என்று கன்னத்தில் போட்டுக்கொள்வேன். பிறகு டோலக் அண்ணன் மேல் போகும். அவருடைய அடியைத்தானே பெட்டிக்குள் ஏற்றி வைத்தோம்? பெட்டியே டோலக் வாசித்துவிட்டால் தன்னை எதற்கு வேனில் ஏற்றுவார்கள் என்று அவர் நினைத்திருக்கலாம் இல்லையா? பதிவு செய்த அன்றைக்கே, "நான் செத்தாலும் இது அடிச்சுக்கிட்டு இருக்கும்ல," என்று கேட்டாரே? அதைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பேன். கோயிலில் நின்றாலும் அதே ஞாபகம். அம்பாளுக்கு முன்னால் நின்று ஒரு மனுஷனைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கிறோமே என்று இருக்கும்.

அடுத்த ஆவணியில் பெண்ணுக்கு வரன் அமைந்தது. பூ வைத்தார்கள். எனக்குச் சொல்லிவிடவில்லை. அடுத்த தெருக்காரர் வந்து, "என்னங்க, உங்கள அங்க காணுமே," என்று கேட்டபோதுதான் தெரிந்தது. காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன்.

அந்தப் புரட்டாசி கடைசியில் விஜயதசமி. குறுவை நெல்லை ரோட்டில் காயப் போட்டுத் துழாவிக்கொண்டிருந்தேன். டோலக் அண்ணன் மொபெட்டில் வந்து இறங்கினார். முகமெல்லாம் வேர்வை.

"தம்பி, போன வருஷம் உன் தலையில விழுந்துச்சு. இந்த வருஷம் என் தலையில விழுந்துடும் போலருக்கு. வந்து பாரு."

"என்னண்ணே?"

"மறுபடியும் அழிஞ்சு போச்சு. ஒன்னும் இல்ல. உங்க அக்காதான் உன்னக் கூட்டியாரச் சொன்னுச்சு."

போகிற வழியில் நடந்ததைச் சொன்னார். அத்தான் இந்த முறை ரொம்ப ஜாக்கிரதை. பூஜைக்கு முந்தின நாளே பாட்டு வரிசை எல்லாம் சரியாக இருக்கிறதா என்று தானே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். பூஜை முடிந்ததும் அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். காலையில் திறந்து, வழக்கம்போல் ஸ்வரம் வாசித்து, சந்தேகம் போகாமல் அங்கேயே முதல் பாட்டைத் தேடினார். இல்லை. "யாரும் எதையும் தொடாதீங்க," என்று சொல்லிவிட்டுப் பூஜையை அப்படியே நிறுத்திவிட்டார்.

நான் உள்ளே போனேன். அத்தான் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து வா என்றும் சொல்லவில்லை, வாங்க என்றும் சொல்லவில்லை. "பூட்டுன ரூமுக்குள்ள யாரு வருவா? அவதான். அம்பாதான் அழிச்சுட்டா. தாய்மாமன ஒதுக்கி வச்சது அவளுக்குப் பொறுக்கல," என்றார்.

என் உடம்பு ஒருமுறை சிலிர்த்தது. கும்பிட்டேன். கும்பிட்டு நிமிர்ந்தபோதுதான் கீபோர்டை நன்றாகப் பார்த்தேன். அதன் வலது ஓரத்தில், கட்டைகளின் மேலேயே, பித்தளைத் தாம்பாளம். அதில் தேங்காய், ஒரு சீப்பு வாழைப்பழம், வெற்றிலை பாக்கு. அத்தானின் அப்பா காலத்தில் நைவேத்தியத் தாம்பாளத்தை ஹார்மோனியத்தின் மேல்தான் வைப்பார்கள், எனக்குத் தெரியும். ஹார்மோனியத்துக்கு மேலே பலகை உண்டு. இதற்குப் பலகை ஏது? கடைசி வெள்ளைக் கட்டையும் அதை ஒட்டிய கறுப்புக் கட்டைகளும் தாம்பாளத்தின் கனத்தில் அமுங்கிக் கிடந்தன.

போன வருஷமும் அங்கேதான் வைத்தோம். நானும் பார்த்துக் கும்பிட்டேன். ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

சூடம் ஏற்றிப் பூஜையை முதலில் முடிக்கச் சொன்னேன். அக்கா முடித்தாள். பிறகு பென் டிரைவைக் கேட்டேன். அத்தான் பீரோவைத் திறந்து கொடுத்தார். தாம்பாளத்தை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் திரும்ப ஏற்றினேன். அணைத்துப் போட்டேன், பாட்டு வரிசை அப்படியே இருந்தது. மறுபடி அணைத்து, தாம்பாளத்தை அதே இடத்தில் வைத்து, சுவிட்சைப் போட்டேன். திரையில் இங்கிலீஷில் ஏதோ ஓடி மறைந்தது. வரிசை காலி. அந்தக் கட்டைகளை அமுக்கிக்கொண்டு சுவிட்சைப் போட்டால் எல்லாவற்றையும் துடைத்துவிடும்படிதான் அந்தப் பெட்டியைச் செய்திருக்கிறார்கள்.

டோலக் அண்ணன்தான் முதலில் வாய் திறந்தார். "அப்ப தட்ட வச்சது யாரு?"

"நான்தான் வச்சேன். போன வருஷமும் நான்தான் வச்சேன்," என்றாள் அக்கா. "இவுரு சொல்லித்தான் வச்சேன். ஒரு வருஷமா எந்தம்பிய நான் எட்டிப் பாக்கல." முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

அத்தான் அந்தத் தாம்பாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னிடம் மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. ரொம்ப நேரம் கழித்து, "பத்திரிகை அடிக்கக் குடுக்கணும் மாப்ள. தாய்மாமன் பேரு எப்புடிப் போடணும்னு எழுதிக் குடுத்துட்டுப் போ," என்றார்.

தை மாதம் கல்யாணம். பட்டுப் புடவை, மாலை, பழத்தட்டு எல்லாம் எடுத்துக்கொண்டு மேளத்தோடு போனேன். பெண்ணை நான்தான் கைபிடித்து மணவறைக்கு அழைத்துவந்தேன். அன்றைக்குக் கீபோர்டிலும் நானே பாட்டு அடுக்கினேன். அப்போதும் அத்தான் பின்னால் வந்து நின்று என் விரல் எந்தப் பட்டனுக்குப் போகிறது என்று பார்த்துக்கொண்டுதான் இருந்தார். சந்தேகம் வந்த இடத்திலிருந்து அவ்வளவு சுலபமாக எழுந்து போகாது போலிருக்கிறது. இப்போது எல்லாப் பாட்டுக்கும் அவர் படிக்கிற மாதிரிதான் பெயர் வைக்கிறேன். பென் டிரைவ் இரண்டு. அவரிடம் ஒன்று, என்னிடம் ஒன்று.

ஆனால் தாம்பாளக் கதை வெளியே போகவில்லை. அத்தானுக்கு வெட்கம். நான் அவர் முகத்துக்காகப் பேசாமல் இருந்துவிட்டேன். வெளியே போனது, தாய்மாமனை ஒதுக்கினதால் சரஸ்வதி கோபித்துக்கொண்டாள் என்ற கதைதான். அதைக் கேட்டுவிட்டு என்னிடம் விபூதி வாங்க இரண்டு பேர் வந்தார்கள். அதை நம்பாதவர்கள், நான் ஏதோ மிஷின் வித்தை செய்து அத்தானை ஏமாற்றிவிட்டதாகச் சொல்கிறார்கள். என்னைப் பற்றி என்ன சொன்னாலும் தாங்கிக்கொள்வேன். அவளுக்கு வைத்த தேங்காய் பழத்தின் கனத்தில் நடந்ததற்கு அவள் மேல் கோபத்தைச் சுமத்துவது எனக்குப் பொறுக்கவில்லை. அவள் யார் பாட்டையும் அழிக்கிறவள் இல்லை. அத்தானும் கெட்டவர் இல்லை, பயந்தவர்.

படிக்கிறவர்கள் இதை நாலு பேரிடம் சொல்லுங்கள். கீபோர்டு வைத்துப் பூஜை செய்கிற வீடு என்றால் கட்டாயம் சொல்லுங்கள், தாம்பாளத்தைத் தரையில் வைக்கட்டும். சொல்லும்போது என்னை நல்லவனாக்க ஒரு வார்த்தை கூட்டாதீர்கள், அத்தானைப் பொல்லாதவராக்கவும் கூட்டாதீர்கள். அக்கா சொன்னதை விட்டுவிடாதீர்கள். நான் எழுதியிருக்கிறபடியே சொல்லுங்கள்.