முகம் கழுவாத சாத்தான்

ஓரத்தில் நீலக் கோடு போட்ட, எங்கள் வீட்டு வெள்ளை எனாமல் பேசின் அது. தண்ணீர் நிறைத்து, துவாயும் மடித்து, கொட்டாஞ்சேனைக் கோயில் மண்டபத்து மேடை ஓரத்தில் நானே வைத்தேன். பாட்டு மாஸ்டரின் பேச்சு வந்தால் எனக்கு அந்தப் பேசின்தான் ஞாபகம் வரும். அவர் செத்த பிறகு ஆளாளுக்குப் புகழ்ந்து எழுதுகிறார்கள். நான் புகழ வரவில்லை.

நான் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். துறைமுகத்தில் மூட்டை சுமந்து, இன்று இரண்டு மாடி ஹார்ட்வெயர் கடை வைத்திருக்கிறேன். ஒருவரும் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை. பாரந்தூக்கி இரைகிற இரைச்சலுக்கு மேலால் கூப்பிட்டுக் கூப்பிட்டு வளர்ந்த குரல் என்னுடையது. கோயிலில் நான் பாடினால் வெளியே தெருவில் போகிறவன் நிற்பான். மாஸ்டரும் அப்படி நின்றவர்தான். வெள்ளவத்தைக்காரர், சீமையில் சங்கீதம் படித்தவர். மூலைக்கு மூலை சென்ட்ரி நிற்கிற யுத்த காலத்தில், வெள்ளைக்காரரின் பழங்காலத்து மெட்டிலே தமிழில் ஒரு ஒபேரா கட்டினார். பேச்சே இல்லை, முழுக்கப் பாட்டு. திடீரென்று சொத்துக் கிடைத்த ஒரு வாலிபனிடம் சாத்தான் வேலைக்காரனாக வந்து சேர்ந்து, பட்டணத்துக்குக் கூட்டிப்போய், சூதையும் குடியையும் பழக்கி, கடைசியில் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விடுகிற கதை.

சாத்தான் வேஷத்துக்கு எந்தத் தாயும் மகனை விடவில்லை. யாரையும் 'ஐசே' என்றே கூப்பிடுகிற மாஸ்டர் என்னைப் பிடித்தார். "உமக்கு நடிப்புத் தேவையில்லை ஐசே, சும்மா வந்து நிண்டால் காணும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சாத்தான் கட்டினவன் நாடகம் முடிய, சனம் பார்த்திருக்க முகம் கழுவி, சிலுவை அடையாளம் போட்டு, முழங்காலில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் வேஷம் அவனோடு வீடுவரைக்கும் வரும் என்பார்கள். எனக்கோ மட்டக்குளியில் கலியாணப் பேச்சு முற்றாகியிருந்த நேரம்.

"மாஸ்டர், கடைசியில நான் கட்டாயம் முகம் கழுவணும். பொண்ணு வீட்டுக்காரங்க வாறாங்க" என்று ஒத்திகையின் முதல் நாளே சொன்னேன்.

"ஓம் ஓம், அதுக்கெண்டே ஒரு பாட்டு வச்சிருக்கிறன். எல்லாரும் வேஷத்தைக் கழட்டிப்போட்டு வந்து சனத்துக்குப் புத்தி சொல்லுற பாட்டு."

நாடகம் போட்ட அன்று சோதனைச் சாவடிகளில் மறிபட்டு விருந்தினர் பிந்தி வந்தார்கள். பொழுதுபடுமுன் மண்டபத்தைக் காலி செய்யும்படி பொலிஸ் கட்டளை. பைத்தியக்கார ஆஸ்பத்திரிக் கட்டம் முடிந்தபோது பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். நான் பேசின் அருகே போய்க் குனிந்தேன். மாஸ்டர் கையைத் தூக்கினார். "நேரம் போதாது. கடைசிப் பாட்டு வேண்டாம், திரையை விடுங்கோ!"

விழுந்த திரை உடனே திரும்பத் திறந்தது, அவருக்காக. மாலை, பொன்னாடை, பிரதம விருந்தினரின் இங்கிலீஷ் பேச்சு, அதற்கு மாஸ்டரின் பதில். அதற்கெல்லாம் நேரம் இருந்தது. படம் பிடிக்க வந்தபோது, "அசிங்கமாக் கிடக்கு ஐசே" என்று பேசினைக் காலால் மறைவுக்குத் தள்ளினார். கொம்பும் கரியுமாக நான் பின்னால் நின்றேன். பெண்ணின் தாய் எழுந்து, என்னைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டு, மகளின் கையைப் பிடித்து இழுத்துப் போனாள்.

மறுநாள் தரகன் வந்தான். "சாத்தானுக்கு யாரு பொண்ணு குடுப்பான்னு கேக்குறாங்க அண்ணே." நான் வெள்ளவத்தைக்கு ஓடினேன். ஒருமுறை வந்து அந்தத் தாயோடு கதையுங்கள் என்று மாஸ்டரைக் கெஞ்சினேன். நான் வேறு எவனையும் கெஞ்சியதில்லை. அவர் பியானோவை விட்டு எழும்பவில்லை. "உங்கட மூடநம்பிக்கைக்கு நான் என்ன செய்ய? உம்மட பாட்டுக்குக் கிடைச்ச மரியாதை எண்டு நினையும்."

ஆசை காட்டினால் மனுஷன் எப்படி விழுவான் என்று வரிவரியாக எங்களுக்குச் சொல்லித் தந்தவர் அவர். அவர் விழுவதற்கு ஒரு மாலை போதுமாயிருந்தது. அந்தப் பெண் வேறொருவனைக் கட்டி இத்தாலிக்குப் போனாள். நான் கலியாணமே செய்யவில்லை.

போன மாதம் அதே மண்டபத்தில் மாஸ்டருக்கு நினைவுக் கூட்டம். அங்கே சுழல்கிற மின்விசிறி எல்லாம் நான் கொடுத்தது. "அங்கிள், படத்துக்கு நீங்கதான் முதல் மாலை போடணும்" என்று கூட்டம் நடத்தின பொடியன் மாலையை நீட்டினான்.

"நேரம் போதாது மகன்" என்று எழும்பி வந்துவிட்டேன்.

அந்தப் பேசின் இப்போது என் கடைக்குப் பின்னால், தண்ணீர்க் குழாயடியில் கிடக்கிறது. எனாமல் உதிர்ந்துவிட்டது. நினைவுக் கூட்டத்திலிருந்து வந்த அன்றைக்கும் அதில் தண்ணீர் பிடித்து முகம் கழுவினேன். பார்த்திருக்க வேண்டியவள் இத்தாலியில் இருக்கிறாள்.