காலி சிலிண்டர்

என் தம்பியின் வீடு ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே, கொள்ளிடக் கரையை ஒட்டி இருக்கிறது. ஆறு என்று பெயர்தான். கோடையில் வெறும் மணலும் நாணலும். ஆளுயரத்துக்குக் காய்ந்து நிற்கும் நாணலில் எவனாவது பீடியைப் போட்டால் போதும், மளமளவென்று பிடித்துக்கொள்ளும். அப்படி ஒரு தடவை பக்கத்து வீட்டு வைக்கோல் போர் எரிந்துபோனது. அன்றிலிருந்து தம்பிக்குத் தூக்கம் போய்விட்டது.

இடுப்பெலும்பு முறிந்து, வாக்கர் இல்லாமல் நாலடி நடக்க முடியாமல் போனதிலிருந்து நான் அவனோடு இருக்கிறேன். கல்யாணமாகாத அக்காவை வைத்துக் காப்பாற்றுகிறான் என்று சொந்தத்தில் அவனுக்கு நல்ல பெயர். காப்பாற்றுவதற்குக் கொடுத்தது பின்பக்க அறை. ஜன்னலைத் திறந்தால் நாணல்.

வேலியோரச் சருகையெல்லாம் கூட்டி அள்ளினான். கோணிச் சாக்குகளைத் தொட்டித் தண்ணீரில் ஊறப் போட்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் கூடத்தில் உட்கார வைத்து வேலை பிரித்தான். நகையும் பத்திரமும் மனைவிக்கு. லேப்டாப்பும் சர்டிபிகேட்டும் மகளுக்கு. மாட்டை அவிழ்த்து ஓட்டுவது மகன். மெயின் சுவிட்சும் கேஸ் சிலிண்டர்களும் அவன் பொறுப்பு.

“என்னை யாருடா தூக்குறது?” என்றேன்.

“வீடு வரைக்குமெல்லாம் தீ வராதுக்கா.”

“அப்ப மாட்டை எதுக்குடா அவுக்குற?”

அவன் மனைவி சிரித்தாள். “அண்ணிக்கு எப்பவும் கிண்டல்தான்.”

நான் கிண்டல் பண்ணவில்லை.

பிறகு ஒத்திகை. ஓடும்போது மகள் என் வாக்கரில் இடித்துக்கொண்டாள். “வழியில இடைஞ்சல்” என்று தம்பி அதைத் தூக்கிக்கொண்டுபோய் வாசலில் வைத்துவிட்டான். வேண்டும்போது கூப்பிட்டால் கொண்டுவந்து தருவார்களாம். அதன்பிறகு பாத்ரூம் போகவும் நான் குரல் கொடுக்க வேண்டியதாயிற்று. அவ்வளவு பாதுகாப்பு!

சித்திரையில் ஒருநாள், சாப்பிட்டுப் படுத்த நேரம். ஜன்னல் வழியே புகை வந்தது, பின்னாலேயே சடசடவென்று சத்தம். வீட்டில் ஒருத்தர்கூடப் பதறவில்லை. ஒத்திகை பார்த்தது வீண் போகவில்லை. பீரோ திறந்து மூடியது, மாட்டின் மணி வாசல் பக்கம் போனது, தலைக்கு மேல் ஃபேன் நின்றது. அப்புறம் வீடு காலி. நான் கத்தினேன். வாக்கர், வாக்கர் என்றுதான் கத்தினேன். அப்போதும் ஆளைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அடுத்த நிமிஷம் தம்பி திரும்பி ஓடிவரும் சத்தம் கேட்டது. அவன் நடை எனக்குத் தெரியாதா? குழந்தை மாதிரி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தேன். அவன் என் அறையைத் தாண்டிப் பின்கட்டுக்குப் போனான். வரும்போது தோளில் சிலிண்டர். நீட்டிய கையைப் பார்த்தான். “இதோ வந்துடறேன்க்கா” என்றான். சிலிண்டர் நிலைப்படியில் இடித்து ணங்கென்றது. முந்தின நாள் தீர்ந்துபோன சிலிண்டர் அது. அவனே மாற்றியதுதான்.

அவன் வரவில்லை. ஜன்னல் திரை கருகத் தொடங்கியபோது தீயணைப்பு வண்டியோடு வந்த ஒருவர்தான் என்னை வாரித் தூக்கினார். “வீட்ல யாரும் இல்லையாம்மா?” என்று கேட்டார். “எல்லாரும் இருக்காங்க” என்றேன். வாசல் கேட் பக்கத்தில் தம்பி ஓடிவந்து என்னை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டான். தெரு பார்த்தது அதை மட்டும்தான்.

போன மாதம் கே.கே. நகரில் ஒரு கல்யாணம். பந்தியில் எதிர்வரிசை உறவுக்காரர்களிடம் தம்பி கதையை ஆரம்பித்தான். தீக்குள் திரும்ப ஓடினானாம், அக்காவுக்காக. எத்தனையோ தடவை சொல்லிவிட்டான். ஒவ்வொரு தடவையும் “சொல்லேன்க்கா” என்பான், நானும் “ஆமா, வந்தான்” என்பேன். சோறு போடுகிறவன் ஆயிற்றே.

அன்றைக்குப் பாயசம் நன்றாக இருந்தது. நிதானமாகக் குடித்து முடித்தேன்.

“ஆமா, வந்தான்” என்றேன். “காலி சிலிண்டரை எடுக்க வந்தான்.”

ஜோக் என்று நினைத்து எல்லோரும் சிரித்தார்கள். அவன் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்தான். அவசரத்தில், பக்கத்தில் நிறுத்தியிருந்த என் வாக்கரில் தடுக்கிக்கொண்டான். நான் அதை நகர்த்தவில்லை.