தண்ணீரைத் துடைக்கிறவர்

தண்ணீரில் எதுவும் மிதக்கவில்லை. ஆனாலும் துடைக்கிறார். வெதுவெதுப்பான நீர் நிறைந்த வட்டத் தட்டின் மேல் ஒரு மெல்லிய காகிதத்தை ஓரத்திலிருந்து ஓரம்வரை இழுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறார். பிறகு இன்னொரு காகிதம். “மொதல் காகிதம் தண்ணிக்கு. ரெண்டாவது, மொதல்ல நான் ஒழுங்கா இழுத்தேனான்னு பாக்க,” என்பார்.

எங்கள் ஆய்வகத்தில் அவருக்குச் சீல் அக்கா என்று பெயர். பிரேதப் பரிசோதனையில் காரணம் பிடிபடாத சாவுகளில், இதயம், நுரையீரல் எல்லாம் ஜாடிகளில் எங்களிடம் வரும். அக்கா அவற்றிலிருந்து துண்டு எடுத்து மெழுகில் பதித்து, வெங்காயத் தோலைவிட மெல்லியதாகச் சீவி, அந்தத் தண்ணீரில் மிதக்கவிட்டு, கண்ணாடிச் சில்லில் ஏந்திச் சாயம் ஏற்றுவார். டாக்டர் மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொல்வதை நான் தட்டச்சு செய்வேன். ஒருவருடைய துணுக்கு தண்ணீரிலேயே தங்கி, அடுத்தவருடைய கண்ணாடியில் ஏறிவிட்டால் போச்சு. அதற்குத்தான் இத்தனை துடைப்பு.

ஜாடி கொண்டுவரும் ஏட்டு ஒருநாள் பொறுமை இழந்தார். அரக்கு முத்திரையை அக்கா மூன்றாவது முறையாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். “வழியில நான் ஒண்ணும் தின்னுடலம்மா!”

“தின்னிருந்தா சொல்லவா போறீங்க? கையெழுத்து போடுங்க.”

வீட்டில் உப்பு டப்பாவில்கூடத் திறந்த தேதி எழுதி ஒட்டியிருப்பார். என்னிடம் ஆறு வருஷத்துக்கு முன் கொடுத்த பேனா மூடியில்லாமல் திரும்பியதை இன்னும் மறக்கவில்லை. நான் அவர் மேஜைப் பக்கம் போனாலே பேனாக்கள் இழுப்பறைக்குள் போய்விடும்.

போன மழைக்காலத்தில் ஓர் இதயம் வந்தது. முப்பத்தெட்டு வயதுக்காரர், படுத்தவர் எழுந்திருக்கவில்லை. முந்தின நாள் புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை. தலையணையால் அமுக்கிவிட்டாள் என்று அவருடைய அண்ணன் புகார் கொடுத்து, அவர்களுடைய பெண் குழந்தையையும் தன் வீட்டோடு வைத்துக்கொண்டார். ரிப்போர்ட் வரும்வரை மகள் முகத்தையே காட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். இறந்தவரின் மனைவி தினமும் எங்கள் வராந்தா பெஞ்சில் வந்து உட்கார்ந்து, கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருப்பாள்.

டாக்டர் பார்த்தார். இதயத் தசையில் நோய், கொத்துக் கொத்தாக அழற்சி அணுக்கள். இதயம் தானாகவே நின்றிருக்கிறது. எனக்கு வாயெல்லாம் பல். டீ வாங்கப் போகிற சாக்கில் பெஞ்சருகே நின்று, “பயப்படாதீங்கம்மா, நல்லபடியாத்தான் வரும்,” என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது.

திரும்பி வந்தால், அக்கா மைக்ராஸ்கோப்பில் குனிந்திருக்கிறார். “டாக்டர், நோய் இருக்கற துணுக்கு தனியா கெடக்கு. பெரிய துண்டோட ஒட்டல.”

“சின்னதா இருந்தா என்ன? இதயத் தசைதானே?”

“யாரோட இதயம்?”

அதே காலையில், அதே நோயுள்ள வேறொரு இதயத்தையும் அவர் சீவியிருந்தார். நடுவில் தொலைபேசி மணி அடித்திருக்கிறது. “பேசிட்டு வந்து தண்ணிய துடைச்சேனா, ஞாபகம் இல்ல. என் கைய நான் நம்பல.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “விடுங்கக்கா, யாரு கேக்கப் போறா?”

“அண்ணன்காரனோட வக்கீல் கேப்பான். அன்னிக்கு அந்தக் குழந்தைய மறுபடி புடுங்கிட்டுப் போவாங்க.” என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ஆமா, வெளிய அவகிட்ட என்ன சொன்னீங்க?”

டீ கொட்டிவிட்டது.

தன் கையில் பிழை நேர்ந்திருக்கலாம் என்று அக்காவே மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்தார். தட்டைக் கழுவினார், கத்தியை மாற்றினார். பழைய மெழுகுக் கட்டியை மறுபடி சீவி, ஜாடியில் மீதமிருந்த இதயத்திலிருந்தும் நான்கு புதிய துண்டுகள் எடுத்தார். மூன்று நாள் ஆயிற்று. அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் பின்வாசல் வழியாகப் போய்வந்தேன்.

பழைய கட்டியின் புதுச் சீவலில் அந்தத் துணுக்கே இல்லை. அது வேறு யாருடையதோதான். புதிய துண்டுகளில் முதலாவதில் ஒன்றுமில்லை, இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதில் டாக்டர் தலையை நிமிர்த்தவே இல்லை. “இருக்கும்மா. நட்டநடுவுல, தசையோட தசையா. இந்த நோய் திட்டுத் திட்டாத்தான் பிடிக்கும்.”

“இன்னும் ரெண்டு சீவறேன்,” என்றார் அக்கா. சீவினார், அவற்றிலும் இருந்தது. “இப்ப டைப் பண்ணுங்க.”

பிழைக்காக அவருக்கு ஒரு மெமோ வந்தது. அதில் தேதி தவறு என்று திருப்பி அனுப்பினார்.

இரண்டு வாரம் கழித்து அந்தப் பெண் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். அழுதபடி அக்காவின் கையைப் பற்றப்போனாள். அக்கா சட்டென்று பின்னால் நகர்ந்தார்.

“உங்க கேஸ் நம்பர் என்ன?”

அவள் திகைத்துப்போய்க் கைப்பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்து நீட்டினாள். அக்கா பதிவேட்டைத் திறந்து, வரிவரியாக விரலை ஓட்டி, ஓரிடத்தில் நிறுத்தினார்.

“பாப்பா, உங்கப்பா பேரு?”

சிறுமி மெல்லச் சொன்னாள். அக்கா இழுப்பறையிலிருந்து பேனாவை எடுத்து அந்த வரிக்கு நேரே ஒரு டிக் போட்டார். பிறகு கையுறையைக் கழற்றிவிட்டு, அந்தக் குழந்தையின் கன்னத்தைத் தொட்டார்.