ஜெயித்த பக்கத்துக் கை

ஆமாம், கையைத் தூக்கினாள். இல்லை என்று நான் எப்போது சொன்னேன்? எங்கள் ஊர் டாமரக் பள்ளியை மூடலாமா என்று சேர்மன் கேட்டபோது ஆர்லீன் ஸ்கோக்லண்ட் கையைத் தோளுக்கு மேலே தூக்கினாள். முதல் வரிசை மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்தேன். பேப்பரில் என்ன போட்டிருந்தது என்று யாரும் எனக்கு வாசித்துக் காட்ட வேண்டாம். எனக்கு எழுத்து தெரியாதுதான். கை மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று பார்க்க எழுத்து எதற்கு?

தானியக் கிடங்கு வாசலில் இன்னும் பேசுகிறார்கள். ஆர்லீன் ஊரை விற்றாளாம். பிறகு ஊர் முறைத்ததும் பயந்து மாற்றிக்கொண்டாளாம். கடைசியில் பள்ளிப் போர்டே அவளைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியதாம். இப்படிப் பேசுகிறவர்களில் பாதிப் பேர் அந்தக் கூட்டங்களுக்கே வரவில்லை. வீட்டில் காலை நீட்டிக் கூடைப்பந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் போனேன். அதனால் நான் சொல்கிறேன், நடுவில் குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

ஆர்லீன் என் வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரி. கோதுமை நிலத்தில் பிறந்தவள். கணவன் ரயில்வேயில் இருந்து, போய்ச் சேர்ந்த பிறகு, ஊர் முனைக் காபிக்கடையைத் தனியாக நடத்தினாள். பேச்சு குறைவு. கடையில் நாலு பேர் அரசியல் பேசிச் சண்டை போட்டால் அவர்கள் கோப்பையில் காபியை ஊற்றிவிட்டுப் போவாளே தவிர, எந்தப் பக்கம் என்று முகத்தில் தெரியாது. அவள் பெற்ற மூன்றும் டாமரக் பள்ளியில்தான் படித்தன. இப்போது பேரப்பிள்ளைகள். நாலு அறை, ஒரு கூடம், குளிர்காலத்தில் யானை மாதிரி பெருமூச்சு விடும் ஒரு பழைய கொதிகலன், அவ்வளவுதான் பள்ளி. ஆனால் எங்கள் சின்னதுகள் அதற்கு நடந்தே போய்விடும்.

அந்தப் பள்ளியை மூடி, பிள்ளைகளைக் கணவாய்க்கு அந்தப் பக்கம் வெக்ஸ்லர் ஊருக்குப் பஸ்ஸில் அனுப்பப் போகிறார்கள் என்று பேச்சு எழுந்தபோதுதான் ஆர்லீன் போர்டுக்கு நின்றாள். ஜெயித்தாள். பள்ளிப் போர்டு என்றால் பெரிய பதவி என்று நினைத்துவிடாதீர்கள். சம்பளம் கிடையாது. மாதத்தில் இரண்டாவது செவ்வாய்க்கிழமை சாயங்காலம் உட்கார்ந்து கூரை ஒழுகல், பஸ் டயர், வாத்தியார் ஒப்பந்தம், பால் வாங்குவது எல்லாம் பேச வேண்டும். மறுநாள் கடைத்தெருவில் எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் திட்டு வாங்க வேண்டும். எங்கள் மாவட்டப் போர்டில் ஐந்து பேர். மூன்று பேர் வெக்ஸ்லர்காரர்கள். டாமரக்குக்கு ஆர்லீனும், ஆட்டுப்பண்ணை லைலும்.

சேர்மன் கர்டிஸ் ஹால்வர்சன் தீவன வியாபாரி. கெட்டவர் என்று சொல்லமாட்டேன். பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்தார்கள், மாநிலத்திலிருந்து வரும் பணமும் குறைந்தது, பழைய கொதிகலனை மாற்றக் காசில்லை, அவருக்கு வேறு வழி தெரியவில்லை. பிப்ரவரிக் கூட்டத்தில் தீர்மானத்தைக் கொண்டுவந்துவிட்டார்.

"மூடறதுக்கு ஆதரவா இருக்கறவங்க கை தூக்குங்க" என்றார்.

அவர் கை முதலில். மருந்துக்கடை நடத்தும் அம்மாளின் கை. அப்புறம் டெல்பர்ட் ஓக்ஸ் கை. அவர் மாட்டுப் பண்ணைக்காரர், மலை மாதிரி ஆள், கை மட்டும் தயங்கித் தயங்கி எழுந்தது. மூன்று ஆகிவிட்டது. பள்ளி போயாச்சு. ஆர்லீன் மேசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தாள். மூன்று கையையும் பார்த்தாள். அப்புறம்தான் தன் கையைத் தூக்கினாள்.

கூடத்தில் யாரோ "ஐயோ" என்றார்கள். லைல் திரும்பி அவளைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன்.

கர்டிஸுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "நாலுக்கு ஒண்ணு! ஆர்லீன், ஊரைத் தாண்டி யோசிக்கத் தெரிஞ்ச ஆள்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

"நன்றி, சேர்மன். நாம ஒத்துப் போனதால ஒண்ணு கேக்கலாமா?"

"தாராளமா கேளுங்க."

"சின்னப் பிள்ளைங்கள அந்த ரோட்டுல அனுப்பப் போறோம். அடுத்த கூட்டத்துக்குள்ள ஒரு காலையில பஸ்ஸ ஓட்டிப் பாத்துடலாம். கை தூக்கினவங்க எல்லாரும் அதுல ஏறிப் போகணும். நானும் வரேன்."

இவ்வளவு பெரிய உதவி செய்தவள் இவ்வளவு சின்னதாகக் கேட்கும்போது எப்படி மறுப்பது? அதுவும் நிறைவேறியது.

வெளியே பனியில் லைல் அவளை வழிமறித்தான். "உன் ஓட்டு இல்லாமலே அவங்க ஜெயிச்சிருப்பாங்க. அப்புறம் எதுக்கு ஆர்லீன்? அவங்க உன் முதுகைத் தட்டிக் குடுக்கணும்னா?"

"வீட்டுக்குப் போ, லைல். ரோடு உறைஞ்சு கெடக்கு."

"ரோடைப் பத்தி நீ பேசாத!"

அதற்கு மேல் ஒரு வார்த்தை அவளிடமிருந்து வரவில்லை. வரவும் முடியாது. போர்டுக்காரர்கள் கூட்டத்துக்கு வெளியே ஒதுங்கி நின்று ஓட்டைப் பேசி முடித்துக்கொள்ளக் கூடாது என்பது எங்கள் பக்கத்துச் சட்டம். ஆர்லீன் அந்த விஷயத்தில் ஒரு நூல் பிசகமாட்டாள்.

அந்த மாதம் அவளுக்கு நடந்தது எனக்குத் தெரியும். காபிக்கடையில் எப்போதும் உட்காரும் ஆட்கள் பெட்ரோல் பங்கில் நின்றுகொண்டே காபி குடிக்க ஆரம்பித்தார்கள். சர்ச் விருந்துக்கு அவள் சுட்டுக் கொண்டுவந்த ஆப்பிள் பைப் பலகாரம் வெட்டப்படாமல் முழு நிலவு மாதிரி அப்படியே இருந்தது. நான் எழுந்து போய் இரண்டு துண்டு வெட்டிக்கொண்டு வந்து எல்லார் முன்னாலும் தின்றேன். எனக்குச் சர்க்கரை வியாதி இருந்தது. இருந்தாலும் தின்றேன்.

அன்றைக்குச் சாயங்காலம் வேலியோரம் கேட்டேன்: "ஏன்டி, மனசுல என்னதான் வெச்சிருக்க? என்கிட்டகூடச் சொல்லக் கூடாதா?"

"உன்கிட்ட சொன்னா நீ என்னை விட்டுக்குடுக்கக் கூடாதுன்னு ஊர் பூரா சண்டைக்குப் போவ. விஷயம் வெளிய வந்துடும்."

"சொல்லாட்டியும் போவேன்."

"அது தெரியும். சொல்லாமலே போ."

பஸ் ஓட்டிப் பார்க்கும் நாள் வந்தது. விடிவதற்கு முன்னால் டாமரக் பிள்ளைகள் எல்லாரையும் ஏற்றினார்கள். கர்டிஸ் முதுகுவலி என்று தன் சொந்த வண்டியில் ஹீட்டர் போட்டுக்கொண்டு பின்னால் வந்தார். மருந்துக்கடை அம்மாளுக்குக் கடை திறக்க வேண்டுமாம். ஏறியது ஆர்லீனும் டெல்பர்ட்டும்தான். அவள் முன்னால் போய் ஓட்டுநருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டாள். டெல்பர்ட் பின்னால், குழந்தைகள் நடுவில். போகும்போதும் வரும்போதும் இரண்டு பேரும் தங்களுக்குள் ஒரு வார்த்தை பேசவில்லை என்று ஓட்டுநரே சொன்னான்.

மார்ச் இரண்டாவது செவ்வாய்க்கிழமை கூடம் நிரம்பி வழிந்தது. எங்கள் ஊர்க்காரர்கள் ஆர்லீனை முறைப்பதற்கென்றே வந்திருந்தார்கள். பொதுமக்கள் பேசும் நேரத்தில் ஆளுக்கு மூன்று நிமிடம் அவளைக் கிழித்தார்கள். அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். பிறகு லைல் மேசையைத் தட்டினான்.

"சேர்மன், அந்தத் தீர்மானத்தை மறுபரிசீலனை பண்ணணும்னு நான் முன்மொழியறேன்."

கர்டிஸ் சிரித்தார். "விதி தெரியாதா, லைல்? நீ தோத்த பக்கம். தோத்தவன் அதைத் திரும்ப எடுக்க முடியாது. தினம் தினம் தோத்தவன் கேட்டுக்கிட்டே இருந்தா நாம வீட்டுக்குப் போறது எப்ப? ஜெயிச்ச பக்கத்துல ஓட்டுப் போட்டவங்கதான் எடுக்கலாம். எங்கள்ல யாராவது எடுக்கணும்."

"அப்ப சரி" என்றாள் ஆர்லீன். "நான் ஜெயிச்ச பக்கம்தான். நான் முன்மொழியறேன்."

 கொதிகலன்கூட மூச்சை அடக்கிக்கொண்டது என்று சொல்லலாம், ஆனால் அது வெக்ஸ்லர் கட்டடம், அங்கே கொதிகலன் புதுசு. கர்டிஸின் வாய் திறந்தபடி நின்றது. விதியை அவரே தம் வாயால் சொல்லி முடித்திருந்தார்.

லைலுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் நாற்காலி பின்னால் சாய எழுந்தான். "வழிமொழியறேன்! வழிமொழியறேன்!"

"ஒரு தடவை சொன்னா போதும்" என்றார் கர்டிஸ்.  ஆனால் அவர் முறை தவறாத மனுஷர், விவாதத்துக்கு விட்டார்.

ஆர்லீன் வாயைத் திறக்கவில்லை. டெல்பர்ட்தான் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நான் பஸ்ல போனேன். எல்லாரும் முக்கால் மணி நேரம்னு சொன்னீங்க. கணவாயில பனி வழியை அடைச்சிருந்துச்சு, பனியைத் தள்ளற கலப்பை வண்டி வர்ற வரைக்கும் நின்னோம். என் பக்கத்துல ஒரு குட்டிப் பொண்ணு. அஞ்சு வயசு இருக்கும். என் மாடுங்க பேரையெல்லாம் கேட்டுக்கிட்டே வந்தா. திடீர்னு பேச்சை நிறுத்திட்டா. பாத்தா, சீட்டு நனைஞ்சிருக்கு. அழக்கூட இல்லை. பெரிய பசங்க பாத்துடக் கூடாதுன்னு என் கோட்டுக்குள்ள பூந்துகிட்டா. என் கன்னுக்குட்டிங்களையே அந்த நேரத்துல அந்த ரோட்டுல ஏத்த மாட்டேன். கொதிகலனுக்கு வேற வழி பாக்கலாம்."

முதலில், மீண்டும் எடுக்கலாமா என்று ஓட்டு: மூன்றுக்கு இரண்டு. பிறகு, மூடலாமா என்று ஓட்டு. கர்டிஸ் கை, மருந்துக்கடை அம்மாள் கை. அவ்வளவுதான். மற்ற மூன்றும் மேசையை விட்டு அசையவில்லை. பள்ளி பிழைத்தது!

அந்தச் சத்தத்தைச் சொல்லி முடியாது. முறைக்க வந்தவர்கள் மடக்கு நாற்காலிகள் மேல் ஏறி நின்று கத்தினார்கள். லைல் அவளைக் கட்டிக்கொண்டு குழந்தை மாதிரி அழுதான். "வீட்டுக்குப் போ, லைல்" என்றாள் மறுபடியும். இந்த முறை அவனும் சிரித்தான்.

திரும்பி வரும்போது காரில் கேட்டேன். "முன்னாடியே ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஊரு உன்னை இந்தப் பாடு படுத்தியிருக்காதே?"

"ஒரு தடவதான் திருப்பி எடுக்கலாம். கர்டிஸ் மோப்பம் புடிச்சிருந்தா அன்னிக்கு ராத்திரியே அவரே எடுத்து, அங்கயே தோக்கடிச்சு, ஆணி அடிச்சிருப்பார். டெல்பர்ட்டுக்கு பஸ்ஸுல ஏற நேரமே கெடச்சிருக்காது."

"இந்தத் தந்திரத்தை எங்க புடிச்ச?"

"சர்ச்சுப் பெண்கள் சங்கத்துல. கிளாரா டோலெஃப்சன் எனக்குப் பண்ணினது. புது காபிப் பாத்திரம் வாங்கணும்னு நான் தீர்மானம் கொண்டுவந்தேன். சிரிச்சுக்கிட்டே எனக்கு ஓட்டுப் போட்டா. அடுத்த மாசம் என் ஆளுங்க ரெண்டு பேர் ஃப்ளூல படுத்திருந்தப்ப, 'நான் ஜெயிச்ச பக்கம்தானே, திரும்பப் பாக்கலாம்'னா. இன்னிக்கும் அந்த ஓட்டைப் பாத்திரத்துலதான் காபி போடறோம்."

பயந்து மாற்றிக்கொண்டாள் என்கிறவர்களுக்கு இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

இனி அந்தத் தள்ளிவிட்ட கதை. மே மாதக் கூட்டம். டாமரக் பள்ளிக் கூடத்திலேயே வைத்தார்கள். பிள்ளைகள் வரைந்த படங்கள் சுவரெல்லாம். மே மாதம்தான் போர்டு புதிய சேர்மனைத் தேர்ந்தெடுக்கும். டெல்பர்ட் எழுந்து ஆர்லீன் பெயரைச் சொன்னார். லைல் வழிமொழிந்தான். கூடமே கைதட்டியது.

ஆர்லீன் எழுந்து நின்றாள். "வேண்டாம். நான் இன்னியோட விலகறேன்."

"உனக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கே!" என்றான் லைல்.

"இருக்கு. ஆனா இனிமே நான் 'சரி'ன்னு கை தூக்கினா, இவ உள்ளுக்குள்ள என்ன வெச்சிருக்காளோன்னுதான் எல்லாரும் பாப்பீங்க. நம்ப முடியாத கை போர்டுக்கு உதவாது. நான் எதுக்கு வந்தேனோ அது நடந்துடுச்சு."

கர்டிஸ் தொண்டையைச் செருமினார். "விலகலை ஏத்துக்க ஒரு தீர்மானம் வேணும். யாராவது முன்மொழியுங்க."

 டெல்பர்ட் கூரையைப் பார்த்தார். மருந்துக்கடை அம்மாள்கூடக் கைப்பையில் எதையோ தேடினாள்.

"சரி, நானே முன்மொழியறேன்" என்றாள் ஆர்லீன். "வழிமொழிய ஒரு ஆள் குடுங்க."

 பிறகு கர்டிஸே கையைத் தூக்கினார். "நான் வழிமொழியறேன். இவங்க எனக்கு எதிரே உக்காந்திருந்தா யாரு எப்ப ஜெயிச்சாங்கன்னே எனக்குப் புரிய மாட்டேங்குது." கூடம் சிரித்தது, அவரும் சிரித்தார். பிறகு எழுந்து மேசையைச் சுற்றி வந்து அவளோடு கை குலுக்கினார். அதையும் நான் பார்த்தேன்.

ஓட்டுக்கு விட்டார். ஏற்றுக்கொள்கிறவர்கள்: ஆர்லீன், கர்டிஸ். எதிர்க்கிறவர்கள்: டெல்பர்ட், லைல், மருந்துக்கடை அம்மாள். ஆர்லீனின் தீர்மானம் தோற்றது. அவளை அனுப்ப மாட்டோம் என்று போர்டு முடிவு செய்துவிட்டது.

ஆனால் எண்ணிக்கையைச் சொல்ல கர்டிஸ் நிமிர்ந்தபோது அவள் நாற்காலி காலி. கோட்டைக் கையில் போட்டுக்கொண்டு, மடக்கு நாற்காலிகளுக்கு நடுவே வழி விட்டவர்களுக்குத் தலையசைத்துக்கொண்டே போய்க்கொண்டிருந்தாள். ஜனங்கள் ஒவ்வொரு வரிசையாக எழுந்து நின்றார்கள். அவள் கதவைத் தோளால் தள்ளித் திறந்து, வெளியே வெயிலுக்குள் போனாள்.