பூசணி காய்க்கும் வரை

எங்கள் ஊர் ஆலந்தலைக்குத் தெற்கே, கடற்கரை மணலில் முருங்கையும் தென்னையும் வைத்துப் பிழைக்கும் சின்னக் குடியிருப்பு. ஆற்றங்கரை வயல்காட்டிலிருந்து வந்த நாலு குடும்பங்கள் பெருகித்தான் இத்தனை வீடுகளாயின. அந்த நாலில் எது முதலில் வந்தது என்பதில்தான் தகராறு. கல்யாண வீட்டுப் பந்தியில்கூட யாராவது ஆரம்பித்துவிடுவார்கள்.

போன வருஷம் நாலு குடும்பமும் ஒன்றாகக் கூடிச் சாப்பிடுவது என்று முடிவானது. ஏற்பாட்டைக் கையில் எடுத்த என் சித்தப்பா, ஊர் வரலாற்றை ஃபிளெக்ஸ் போர்டில் அடித்து வைக்க வேண்டும் என்றார். நான் சாத்தான்குளம் பக்கம் பள்ளிக்கூடத்தில் வரலாறு டீச்சர் என்பதால் வேலை என் தலையில் விழுந்தது. என்ன எழுத வேண்டும் என்பதையும் அவரே சொல்லிவிட்டார். ஏதோ ஒரு ராஜா எங்கள் முன்னோரின் விவசாயத் திறமையை மெச்சி, கடலோரத்து நிலத்தைச் செப்புப் பட்டயத்தில் எழுதிக் கொடுத்தாராம். பட்டயம் எங்கே என்று கேட்டேன். கறையான் அரித்துவிட்டது என்றார்.

அண்ணன் மனைவியிடம் போய் இதைச் சொன்னேன். மைனியும் நானும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அவள் அந்த நாலில் இன்னொரு குடும்பத்துப் பெண். செம்பைக் கறையான் தின்ற கதையைக் கேட்டு அவள் சிரித்த சிரிப்பில் கல்லில் கிடந்த தோசை கருகிப்போயிற்று.

"ஏளா, ஆலந்தலையில நான் மீன் வாங்குத அக்கா வீட்டுல நம்ம ஆளுவளப் பத்தி என்னமோ கதை சொல்லுதாங்க. போய்க் கேட்டுட்டு வருவோம்" என்றாள்.

சனிக்கிழமை காலையில் ஸ்கூட்டரில் போனோம். அக்கா எங்களைக் குசினிக்கே கூட்டிப்போய் உட்காரவைத்து, அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அவருடைய பாட்டனுக்குப் பாட்டன் காலத்தில், கந்த சஷ்டி பார்க்க இரண்டு மாட்டு வண்டிகளில் நாலு குடும்பம் திருச்செந்தூர் வந்திருக்கிறது. சூரசம்ஹாரம் முடிந்ததும் பிடித்த மழை விடவே இல்லை. ஆற்றில் வெள்ளம், திரும்ப வழியில்லை. கரையோரமாகத் தெற்கே வந்து, அக்காவின் முன்னோர் வலை போட்டு வைத்திருந்த கொட்டகையில் ஒதுங்கியிருக்கிறார்கள். மீன் கொடுத்தால் தொடவில்லை.

"மூணு நாளு மூஞ்சியத் திருப்பிக்கிட்டு இருந்தவங்க, நாலாம் நாளு குழம்புல புளி காணாதுன்னு சொன்னாங்களாம்" என்றார் அக்கா.

வரும்போது சமையலுக்கென்று ஒரு பூசணிக்காய் கொண்டுவந்திருக்கிறார்கள். அதன் விதையை ஒருத்தி கொட்டகைக்குப் பின்னால் ஊன்றிவைத்தாள். மழை விட்டு வண்டிப் பாதை காய்வதற்குள் கொடி மணலெல்லாம் ஓடிப் பூத்துவிட்டது. ஆண்கள் மாட்டைப் பூட்டினார்கள். எல்லோரும் ஏறினார்கள். அவள் மட்டும் ஏறவில்லை. நான் போட்ட விதை, காய் பறிக்காமல் வர மாட்டேன் என்று மணலில் உட்கார்ந்துவிட்டாள். புருஷன் கெஞ்சினான், பிறகு அவனும் இறங்கினான். இவர்களைத் தனியாக விட்டுப்போக மனமில்லாமல் மற்றவர்களும் இறங்கினார்கள். சும்மா இருப்பானேன் என்று ஊற்றுத் தோண்டினார்கள். தண்ணீர் நன்றாயிருந்தது. மிளகாய் நட்டார்கள்.

"காய் பறிச்சதும் கிளம்பிருவோம்னுதான் சொன்னாங்களாம்" என்ற அக்கா எங்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார். "இன்னும் போகலையே நீங்க."

திரும்பும் வழியில் மைனியால் வண்டியை ஓட்ட முடியவில்லை. ரோட்டோரம் நிறுத்திவிட்டு ஒரு பனையைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். அடங்கிக் கிளம்பும் நேரம் பார்த்து நான் "புளி காணாது" என்பேன், மறுபடி இறங்குவோம். எதிரே வந்த ஒருவர் பைக்கை நிறுத்தி, யாருக்காவது உடம்புக்குச் சரியில்லையா என்று விசாரித்தார். அப்பாடா, ராஜாவும் இல்லை, பட்டயமும் இல்லை. ஒருத்தி வண்டியில் ஏற மாட்டேன் என்றதால் நான் பிறந்திருக்கிறேன். உடம்பே லேசாகிவிட்டது போலிருந்தது.

சித்தப்பாவிடம் சொல்லத்தான் பயம். அவர் முழுக்கக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மனசு நொந்துவிட்டார் என்று நினைத்தேன்.

"ரெண்டு வண்டியில எது முன்னால வந்துச்சி?" என்று கேட்டார்.

கூட்டத்தன்று, போர்டு எதற்கு என்று மைக்கைப் பிடித்து அவரே கதையைச் சொன்னார், பிறந்ததிலிருந்து தெரியும் என்பது போல. அவர் வாயில் பூசணி ஆளுயரம் ஆயிற்று, கொடி கடல் வரை ஓடிற்று. முடிக்கும்போது, அந்தப் பெண் எங்கள் வீட்டைச் சேர்ந்தவள் என்று போட்டார். மைனி எழுந்து, இல்லை, எங்கள் வீடு என்றாள். மற்ற இரண்டு குடும்பமும் எழுந்தன. கடைசியில், முன்வரிசையில் விருந்தாளியாக உட்கார்ந்திருந்த மீன்கார அக்காவிடம் மைக் போயிற்று.

"பேரெல்லாம் தெரியாது. பெரிய வாய்க்காரின்னு மட்டும் சொல்லுவாங்க" என்றார் அவர்.

நாலு பக்கமிருந்தும் ஒரே நேரத்தில், "அப்போ எங்க வீடுதான்" என்று குரல் வந்தது. சித்தப்பா மட்டும் சித்தியை ஒரு பார்வை பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

சாப்பாட்டுக்குப் பிறகு யார் ஆரம்பித்தது என்று தெரியவில்லை, பட்டுச் சேலையோடும் மடித்துக்கட்டிய வேட்டியோடும் எல்லோரும் கடலில் இறங்கிவிட்டோம். திங்கட்கிழமை எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வகுப்பில் எழுத்து வேலை கொடுத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.